தொரப்பள்ளியும் பழைய சைக்கிளும்

ராஜாஜி 1878-ல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தபோது, இன்று நாம் ஓட்டும் வடிவத்தில் சைக்கிளே கிடையாது. அந்த வடிவத்தை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ல் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1949-ல் முருகப்பா குழுமம் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. சென்னை அம்பத்தூரிலேயே ஹெர்குலிஸ் சைக்கிள்கள் தயாராயின.

1980-ல் ஓசூரிலிருந்தே டிவிஎஸ் 50 வந்தது. சைக்கிளில் போனவர்கள் பலர் மொபெட்டுக்கு மாறினார்கள். பழைய வண்டிகள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து துருப்பிடித்தன.

அப்படிப்பட்ட வண்டியைப் புதியவர்கூட மீட்டுவிடலாம். 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் என்ற அதே அமைப்பு பல பத்தாண்டுகள் இங்கே மாறவில்லை. அதனால் பாகங்கள் பலவும் பொருந்தும். இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. இடது பெடலின் மறை தலைகீழானது. கழற்றக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை எண்ணெய் விட்டு ஊறவைக்காமல் சுத்தியலால் அடித்தால் அதன் மறை நசுங்கிவிடும்.

பலரும் முதலில் செய்வது பெயின்ட் அடிப்பதுதான். அங்கேதான் இழப்பு. முன்பக்கச் சின்னம், ஃபிரேமில் பொறித்த எண், மங்கிய கோடுகள், சில வண்டிகளில் சொந்தக்காரர் பெயர் ஆகியவைதான் அந்த வண்டிக்கு இருக்கும் சான்றுகள். அவற்றின் மேல் பெயின்ட் பூசுவது, கோயில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பதற்குச் சமம். துருவைத் துடைத்து எண்ணெய் பூசினாலே வண்டி ஓடும். அதன் வரலாறும் கூடவே ஓடும்.