மெட்டில்டாவும் வீராயியும்

பொறையாறு, தரங்கம்பாடி வட்டாரத்தில் என் வயதுக் கிறிஸ்தவப் பெண்களை விசாரித்தால் ஒரு மெட்டில்டாவோ ஜெர்த்ரூத்தோ ஹில்டாவோ அகப்படாமல் போகமாட்டாள். என் அப்பாயியே மெட்டில்டாதான். நடவு வயலில் கூட நின்ற பெண்கள் அவளை ‘மெத்தில்லா’ என்றார்கள். மூன்றும் பழைய ஜெர்மானியப் பெயர்கள். மெட்டில்டா என்றால் போர்வலிமை உடையவள். ஜெர்த்ரூத்தில் ஈட்டியும் வலிமையும் சேர்ந்திருக்கின்றன. ஹில்டா என்றாலே போர். கத்தோலிக்க வீட்டு பெர்னதெத், கரடியின் உறுதியைக் குறிக்கும் பெர்னார்டிலிருந்து பிறந்தவள்.

ஜெர்மன் பாதிரிமார் வைத்த பெயர்கள் என்றே ஊரில் சொல்வார்கள். அவர்கள் இங்கே வாழ்ந்தது உண்மை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் டேனியருக்கு இடம் கொடுத்தார். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் பாதிரி சீகன்பால்கு அங்கே கரையிறங்கினார். மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். ஆனால் அந்தப் பாதிரிமாரின் சபையில் ஓங்கி நின்றவை வேதப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களுமே. அந்தச் சபையில் 1733இல் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன். உபதேசியாராக இருந்தவர் இராசநாயக்கன். பின்னால் குருப்பட்டம் பெற்றவர் சத்தியநாதன். தஞ்சையில் ஜெர்மன் பாதிரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த கவிஞர் வேதநாயக சாஸ்திரியார்.

மெட்டில்டாக்கள் பெருகியதற்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. 1845இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஹில்டா, ஜெர்த்ரூத் போன்ற பழம்பெயர்கள் மீண்டும் மவுசு பெற்றிருந்தன; இங்கிலீஷ் படிப்போடு அவை இங்கேயும் வந்தன. கத்தோலிக்கருக்கு வழி, புனிதர் நாட்காட்டி. நவம்பர் 16 புனித ஜெர்த்ரூத்தின் திருநாள். லூர்து நகரில் 1858இல் மாதாவின் காட்சி கண்ட பெர்னதெத் 1933இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

பெண்ணுக்கு வலிமையைப் பெயராகச் சூட்டுவது காவிரிக்கரைக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையைப் பிடித்த விசயாலய சோழன் அங்கே எழுந்தருளச் செய்தது அசுரனை அழித்த நிசும்பசூதனியை. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த நம் பெண்களுக்கு வீராயி, வீரம்மாள், காளியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். மெட்டில்டா என்று ஞானஸ்நானம் பெற்றவளும் அதே சேற்றில்தான் இறங்கினாள். வலிமை பெயரில் மட்டும் இருக்கவில்லை. ஒரு போகம் முழுதும் குனிந்து நிமிர்ந்த இடுப்பில் இருந்தது.

இன்று இந்த இரு வரிசைப் பெயர்களையும் பேத்திகளுக்கு வைக்க வீட்டார் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் வேண்டாம். உங்கள் கோயில் குருவிடம் கேட்டு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். அப்பாயி, அம்மாச்சியின் பதிவேட்டுப் பெயரையும் வீட்டில் கூப்பிட்ட பெயரையும் சேர்த்து எழுதி வையுங்கள். டெல்டாவின் வரலாற்றில் அரசர் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. உழைத்த பெண்களின் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும்.