டியூபா பிறந்த கதை

மலையகத் தோட்டங்களில் தப்பு ஒன்றுதான், அடி பல. விடியற்காலையில் பிரட்டுக்கு அழைக்கும் அடி வேறு, சாவு வீட்டு அடி வேறு, காமன் கூத்துக்கு விழும் அடி வேறு. லயத்துக்குள் இருந்தபடியே கேட்டு, வெளியே நடப்பது என்ன என்று நம் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்த ஒலி எந்த இடத்துக்கு உரியது என்று இவ்வளவு நுட்பமாக அறிந்த காதுகளுக்கு டியூபாவின் கதை எளிதில் விளங்கும். மேற்கத்திய வாத்தியக் குழுவின் பின்வரிசையில், மடியில் ஏந்தி ஊதும் அந்தப் பெரிய பித்தளைக் கருவியைச் சொல்கிறேன். இசைத்தாளில் 'டியூபா' என்று அச்சிட்டிருக்கும். எந்த டியூபா என்பதை வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குப் பிறந்த நாளே உண்டு: 1835 செப்டெம்பர் 12. அன்று வில்ஹெல்ம் வீப்ரெக்ட் என்ற இராணுவ இசைக்காரரும், பெர்லினில் கருவிகள் செய்த யோகான் கொட்ஃப்ரீட் மொரிட்ஸும் ஐந்து வால்வுகள் கொண்ட பாஸ் டியூபாவுக்குப் பிரஷ்ய அரசிடம் காப்புரிமை பெற்றார்கள். கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கி, நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்த காலம் அது.

அதற்கு முன் ஊதுகருவிகளின் அடிக்குரலைத் தாங்கியது சர்ப்பென்ட். பாம்பு போல வளைந்த மரக்குழல், மேலே தோல் உறை, உடலில் விரலால் மூடும் ஆறு துளைகள். பிரான்சின் தேவாலயங்களில் பாடகர்களுக்குத் துணையாக அதை ஊதினார்கள். சுமார் எட்டு அடி நீளக் குழலில் துளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று ஒலியின் விதி ஓரிடத்தைக் காட்டும். மனிதக் கை எட்டுவதோ வேறிடம். கைக்கு எட்டிய இடத்தில்தான் துளை போட்டார்கள். அதனால் ஒரு சுரம் திறந்து ஒலிக்கும், அடுத்தது மங்கும். சுருதியை உதட்டால் இழுத்துப் பிடித்தே வாசிக்க வேண்டும். பிறகு 1817இல் பாரிஸில் அலாரி என்ற கருவிக்காரர் ஓஃபிக்கிளைடைச் செய்தார். உடல் பித்தளை. பெரிய துளைகளைச் சரியான இடத்தில் வைத்து, அவற்றை மூட நெம்புகோல் வைத்த மூடிகளைப் பொருத்தினார். பெரும் முன்னேற்றம்தான். ஆனாலும் துளை திறக்கும் இடம் மாறும்போதெல்லாம் குரலின் நிறமும் மாறியது.

வால்வு வந்த பிறகுதான் வழி பிறந்தது. 1818இல் ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதல் குழல் ஒன்றைச் சுற்றிவரும். குழல் நீளும், சுரம் இறங்கும். உடலில் துளையே வேண்டாம், எல்லாச் சுரமும் ஒரே வாய் வழியாக வெளியே வரும். வீப்ரெக்டும் மொரிட்ஸும் இந்த வால்வை அகன்று விரியும் பன்னிரண்டு அடிக் குழலில் வைத்தார்கள். நீளம் மட்டும் அடிக்குரலைத் தராது. எஃப் சுருதிப் பிரெஞ்சு ஹோர்னுக்கும் அதே பன்னிரண்டு அடிதான். அகலம்தான் டியூபாவை டியூபாவாக்குகிறது. ட்ரொம்போனும் யூஃபோனியமும் அப்படித்தான்: இரண்டும் ஒன்பது அடி, ஒன்று பெரும்பாலும் ஒரே அகலமாக ஓடிக் கூர்மையாக ஒலிக்கும், மற்றது விரிந்துகொண்டே போய் உருண்டு ஒலிக்கும்.

கருவி வந்துவிட்டது, ஆனால் இசையமைப்பாளர்கள் அதற்கு முன்பே எழுதியும் விட்டார்கள். இங்கேதான் இன்றைய வாசிப்பவரின் வேலை தொடங்குகிறது. மெண்டல்சன் பதினேழு வயதில், 1826இல், 'கோடைக்கால நடுநிசிக் கனவு' நாடகத்துக்கு எழுதிய முன்னிசையில் கேட்டது ஆங்கில பாஸ் ஹோர்ன். அச்சில் அது ஓஃபிக்கிளைட் ஆயிற்று, மேடையில் இன்று டியூபா ஆகிறது. பெர்லியோஸின் 'ஃபான்டாஸ்டிக் சிம்பனி' 1830 டிசம்பர் 5 அன்று பாரிஸில் அரங்கேறியபோது, கடைசிப் பகுதியின் மரண கீதத்தைச் சர்ப்பென்டும் ஓஃபிக்கிளைடும் சேர்ந்து ஊதும்படி எழுதியிருந்தார். பின்னர் ஜெர்மனிக்குப் போய்ப் பாஸ் டியூபாவைக் கேட்டு மகிழ்ந்தவர் அவரே. ஆகவே அந்தப் பாகத்துக்கு டியூபா எடுப்பது துரோகம் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் பழைய இரு கருவிகளின் கரகரப்பு அந்தச் சாவுப் பாட்டுக்குத் தந்த பயங்கரத்தை, வழவழப்பான இரண்டு பெரிய டியூபாக்கள் தருவதில்லை.

வெர்டிக்கு வேறு கவலை. அவர் காலத்து இத்தாலியக் குழுக்களில் ஊதிய பெரிய பொம்பார்டோன் ட்ரொம்போன்களோடு ஒட்டவில்லை என்று 1871இல் 'ஐடா' ஒத்திகைக் காலத்தில் முறையிட்டார்; நான்காவது ட்ரொம்போன் போல ஒலிப்பதையே கேட்டார். அவர் பாகத்தை அகன்ற டியூபாவில் வாசித்தால் அந்தக் குறை இன்றும் கேட்கும். வாக்னரோ எதிர்ப்பக்கம் போனார். 1876இல் பைரொய்ட்டில் அரங்கேறிய 'ரிங்'குக்கு அவர் கேட்டது கொன்ட்ராபாஸ் டியூபா, இன்னும் ஆழமானது. டுவொர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பனியில் டியூபாவுக்கு மொத்தம் 14 சுரங்கள்தான், அதுவும் பாஸ் ட்ரொம்போனோடு சேர்ந்து. அங்கே தனித்துத் தெரியாத கருவியே சரியான கருவி.

மலைநாட்டில் ஊதுபவருக்கு இன்னொன்றும் உண்டு. காற்றின் வெப்பம் ஒரு பாகை குறைந்தால் ஊதுகருவியின் சுருதி அரைச்சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு இறங்கும். கொழும்பின் 27 பாகையிலிருந்து நுவரெலியாவின் 15 பாகைக்கு வந்தால், ஊதிச் சூடேற்றாத குழல் அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு தாழ்ந்துவிடும். குழல் பெரிதானால் சூடேற நேரமும் கூடும். நெடுநேரம் சும்மா இருந்து நடுவில் 14 சுரம் ஊத வேண்டியவர், முறை வருமுன்னே சத்தமில்லாமல் மூச்சை உள்ளே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். தப்புக் காய்ச்சுவோர் நெருப்பை அணையவிடாமல் வைத்திருப்பதும் இந்த ஈரக்குளிருக்காகத்தான்.

மலையகப் பாடசாலை பேண்டுகளில் யூஃபோனியம் வாசிக்கும் பிள்ளைகள், தங்கள் கருவி டியூபாவின் குறைந்த வடிவம் என்று எண்ணிவிடக் கூடாது. முசோர்க்ஸ்கியின் 'கண்காட்சிச் சித்திரங்க'ளை 1922இல் ரவேல் வாத்தியக் குழுவுக்கு மாற்றியபோது, மாட்டுவண்டி வரும் பகுதியில் ஒரு நெடிய தனிப்பாட்டை டியூபாவிடம் கொடுத்தார். அவர் மனத்தில் இருந்தது யூஃபோனியத்தைவிடவும் ஒரு சுரம் மேலே அமைந்த சிறிய பிரெஞ்சு டியூபா. பெரிய கருவியில் அந்த உச்சியை எட்ட நெரிபட வேண்டும். ஹோல்ஸ்டின் 'கிரகங்க'ளில் வரும் டெனர் டியூபாவையும் இன்று பெரும்பாலும் யூஃபோனியத்திலேயே வாசிக்கிறார்கள். அந்த இரண்டு பாகங்களையும் நம் பிள்ளைகள் தயங்காமல் தங்கள் கருவியிலேயே பயிலலாம். பெர்லியோஸின் மரண கீதத்தில் மேல் பாகத்தை யூஃபோனியத்துக்கும் கீழ்ப் பாகத்தை எஃப் அல்லது ஈ ஃபிளாட் டியூபாவுக்கும் கொடுத்து ஒருமுறை ஊதிப் பார்க்கட்டும். இரண்டு குரல்களும் தனித்தனியே கேட்கும்.