கரோக்கேயில் எந்தப் பாடலைப் பாடுவது? ஜப்பானியச் சொற்சங்கிலியும் போரைக் கடந்த பாடல்களும்

ஒரு சிறிய அறையில் ஆறேழு பேர் கூடியிருக்கிறார்கள். ஒருவர் பாடி முடிக்கிறார். அந்தப் பாடலின் பெயர் எந்த எழுத்தில் முடிந்ததோ, அதே எழுத்தில் தொடங்கும் இன்னொரு பாடலை அடுத்தவர் தேட வேண்டும். பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை அறிந்தவர்களுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. அந்தாதியை அறிந்த தமிழருக்கு, முடிவில் இருந்து தொடங்குவதும் புதிதல்ல. ஜப்பானியர்கள் இதனை 'ஷிரிதோரி' என்கிறார்கள். 'ஷிரி' என்றால் பின்பகுதி, 'தோரி' என்றால் எடுத்தல்.

வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஜப்பான் செல்லும் எம்மவர் எவரும் ஒருநாள் சக ஊழியர்களுடன் கரோக்கே அறைக்குள் போக நேரிடும். அங்கே எந்தப் பாடலைத் தெரிவு செய்வது என்பது குரலை மட்டும் பொறுத்த விடயமல்ல.

வெறுமையான இசைக்குழு

'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஓர்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். ஷிகெஇச்சி நெகிஷி என்பவர் 1967இல் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கினார். கோபே நகரில் மதுக்கூடங்களில் இசைத்து வந்த டைசுகே இனோவே 1971இல் தனியாக இன்னொன்றை உருவாக்கி, வாடகைக்கு விட்டார். அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. 2004இல் அவருக்கு இக் நோபல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. மற்றவர்களைச் சகித்துக்கொள்ள மனிதருக்கு ஒரு புதிய வழியைக் காட்டினார் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1980களின் நடுப்பகுதியில், ஒக்கயாமா பகுதியில் பழைய சரக்குக் கொள்கலன்களை அறைகளாக மாற்றியதில் இருந்து 'கரோக்கே பொக்ஸ்' எனும் தனியறை முறை பரவியது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பாடவேண்டிய கூச்சம் அத்துடன் நீங்கியது.

விதிகள்

சாதாரண ஷிரிதோரியில் பெயர்ச்சொற்கள் மட்டுமே செல்லும். 'ஷிரிதோரி' என்ற சொல்லிலேயே தொடங்கி, 'ரி'யில் 'ரிங்கோ' (அப்பிள்), 'கோ'வில் 'கொரில்லா' என்று போவதே வழமை. 'ன்' என்ற ஒலியில் முடியும் சொல்லைச் சொல்பவர் தோற்றுவிடுவார். காரணம் எளிது: அந்த ஒலியில் தொடங்கும் ஜப்பானியச் சொல் கிடையாது.

கரோக்கேயில் சொற்களுக்குப் பதிலாகப் பாடற்பெயர்களை வைத்து விளையாடும்போது, தொடங்கும் முன்னரே மூன்று விடயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, நெடில் குறி. 2019இல் வெளியான 'ப்ரிடெண்டர்' பாடலின் பெயர் ஜப்பானிய எழுத்தில் நெடில் கோட்டுடன் முடிகிறது. அடுத்தவர் 'டா'வை எடுப்பதா, 'ஆ'வை எடுப்பதா?

இரண்டாவது, அழுத்த ஒலி. ஜப்பானிய எழுத்தில் 'ஹோ'வுக்கு இரண்டு சிறு கோடுகள் இட்டால் 'போ' ஆகிவிடும். அந்தக் கோடுகளை நீக்கிப் பாட அனுமதி உண்டா?

மூன்றாவது, 'ன்' விதி. யொனெசு கென்ஷி தன் பாட்டனாரின் மறைவின்போது எழுதிய 'லெமன்' (2018) ஒரு நல்ல இரங்கற்பாடல். ஆனால் விளையாட்டில் அதனைத் தெரிவு செய்தவர் அந்த இடத்திலேயே தோற்றுவிடுவார்.

தந்திரக்காரர்கள் 'ரு'வைப் பிடித்துக்கொள்வார்கள். 'ரு'வில் தொடங்கும் பாடல்கள் குறைவு. யோஅசோபியின் 'ஐடோரு' (2023) 'ரு'வில் முடிகிறது. அதைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மட்சுதோயா யூமியின் 'ரூஜு நோ தெங்கோன்' (1975). அதுவோ 'ன்'னில் முடிகிறது. தப்பிக்க வேண்டுமானால் 'ருபன் சன்செய் நோ தேமா'வைப் பிடிக்க வேண்டும்.

ஒன்பது பாடல்களில் ஒரு சங்கிலி

அழுத்தக் குறியை நீக்கலாம் என்ற விதியோடு ஒரு சங்கிலியைக் கட்டிப் பார்ப்போம்: ஃபுருசாதோ – தொம்போ – ஹொதாரு நோ ஹிகாரி – ரிங்கோ நோ உதா – தனபதா சாமா – மகேனைதே – தெனோஹிரா ஓ தையோ நி – நிஜி – ஷிமா உதா.

விளையாட்டுக்காகக் கட்டிய இந்தச் சங்கிலிக்குள் ஜப்பானின் ஒரு நூற்றாண்டுத் துயரமும் இருக்கிறது.

'ஃபுருசாதோ' என்றால் சொந்த ஊர். 1914இல் பாடசாலைப் பிள்ளைகளுக்காக வெளிவந்தது. சிறுவயதில் முயல் துரத்திய மலையையும் மீன் பிடித்த ஆற்றையும் நினைத்து, ஒருநாள் திரும்பி வருவேன் என்று பாடுபவர் சொல்கிறார். 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. புகுஷிமா அணு உலை விபத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு அந்தப் பாடல் வேறொன்றாகிவிட்டது. மலையும் ஆறும் அங்கேயே இருந்தன. ஆனால் போக முடியவில்லை. உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே நின்று தன் காணியைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'ரிங்கோ நோ உதா' (அப்பிள் பாட்டு) ஜப்பான் சரணடைந்த 1945ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபரில் வந்த திரைப்படத்தில் இடம்பெற்றது. போருக்குப் பிந்திய முதல் வெற்றிப் பாடல் இதுவே. சிவந்த அப்பிளைப் பற்றிய மகிழ்ச்சியான மெட்டு. அதைப் பாடிய நமிகி மிச்சிகோ, அதே ஆண்டு மார்ச்சில் நடந்த டோக்கியோ குண்டுவீச்சில் தன் தாயை இழந்தவர்.

'தெனோஹிரா ஓ தையோ நி' (உள்ளங்கையைச் சூரியனுக்குக் காட்டி) சிறுவர் பாடல். எழுதியவர் 'அன்பன்மன்' சித்திரக்கதையைப் படைத்த யனாசே தகாஷி. படைவீரராகச் சீனா சென்று திரும்பியவர். அவருடைய தம்பி போரில் மாண்டார். மண்புழுவும் உயிரோடிருக்கும் தோழனே என்று சிறுவருக்குச் சொல்லும் அந்தப் பாடலை, இந்தப் பின்னணியை அறிந்து கேட்டால் வேறு விதமாக இருக்கும்.

கடைசியில் வரும் 'ஷிமா உதா' (தீவுப் பாடல்) 1992இல் 'த பூம்' இசைக்குழு பாடியது. மேலோட்டமாகக் கேட்டால் காதலர் பிரிவு. உண்மையில் அது 1945 ஒக்கினாவாச் சமரைப் பற்றியது. அந்தச் சமரில் தீவு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்ததாகக் கூறப்படுகிறது. பொதுமக்கள் குகைகளுக்குள் ஒளிந்திருந்தார்கள். சரணடையக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அங்கே உயிர் தப்பிய ஒருவரின் சாட்சியத்தைக் கேட்ட பின்னரே மியசாவா கசுஃபுமி இதனை எழுதினார். அவர் ஒக்கினாவாவைச் சேர்ந்தவரல்ல. பாடல் முழுவதும் ஒக்கினாவாவின் சுர வரிசையில் செல்ல, குகைப் பிரிவைச் சொல்லும் பகுதி மட்டும் பெருநிலத்து ஜப்பானிய வரிசைக்கு மாறுகிறது. அந்த மரணங்களுக்கான பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதை அவர் சொற்களில் அன்றி இசையில் வைத்தார்.

தெரிவு செய்யும்போது

புதியவர்களுக்குச் சில குறிப்புகள். கரோக்கே திரையில் கடினமான கஞ்சி எழுத்துகளுக்கு மேல் பெரும்பாலும் எளிய எழுத்தில் உச்சரிப்பு வரும். எனவே ஹிரகனாவும் கதகனாவும் தெரிந்தால் போதும், மெதுவான பாடல் ஒன்றைத் துணிந்து எடுக்கலாம். பல்லவியின் உச்ச இடத்தைத் தனியே பாடிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் சுருதியைக் குறைக்கும் பொத்தான் இருக்கிறது. ஒருவர் பாடிவிட்ட பாடலையே மீண்டும் எடுக்க வேண்டாம்.

முதற்பாடலுக்கு எல்லா வயதினரும் அறிந்த ஒன்று நல்லது. சகமோட்டோ கியூவின் 'உஎ ஓ முயிதே அருகோ' (1961) அத்தகையது. 1963இல் 'சுகியாகி' என்ற பெயரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மேலே பார்த்தபடி நடப்போம் என்பது பொருள். அழுகையை மறைக்கத்தான் மேலே பார்க்கிறார்கள். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரான போராட்டம் தோற்ற மனநிலையில் எய் ரொகுசுகே அதனை எழுதினார். பாடிய சகமோட்டோ 1985 விமான விபத்தில் இறந்த 520 பேரில் ஒருவர்.

அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பாடுங்கள். புகுஷிமாவில் இருந்து வந்த ஒருவர் முன்னால் 'ஃபுருசாதோ'வை விளையாட்டாக எடுக்காதீர்கள். ஒக்கினாவாக்காரர் இருந்தால், 'ஷிமா உதா'வை அதன் பொருள் அறிந்து பாடுங்கள். எங்கள் வீடுகளிலும், சில பாடல்கள் வானொலியில் வந்தால் எழுந்து வெளியே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தன் முறை வரும்போது ஒருவர் பேசாமல் இருந்தால் எழுத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். சங்கிலி அறுந்துவிடாது.