பழுதும் எல்லையும்: செப்புக் கம்பி சொல்லும் வரலாறு

எங்கள் வீட்டு இணைய இணைப்பு சில மாதங்களாக ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பரிசோதிக்க வந்த இளைஞர், "ஐயா, கம்பி இணைப்பில களிம்பு பிடிச்சிருக்கு, திருத்தித் தரலாம். ஆனா உங்கட வீதிக்குப் பைபர் வந்திட்டுது, மாறினால் என்ன?" என்று கேட்டார். ஓய்வூதியத்தில் வாழ்பவனுக்கு மாதக் கட்டணம் கூடுவது சிறிய விடயமன்று. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, இதே கேள்விக்கு ஒரு நாடு கொடுத்த விலை நினைவுக்கு வந்தது.

செப்புக் கம்பி மனிதக் குரலுக்காக இழுக்கப்பட்டது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். குரலைக் கடத்த விநாடிக்கு 3,400 அதிர்வுகள் வரை போதும். ஏடிஎஸ்எல் அகலப்பட்டையோ அதே கம்பியில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட அதிர்வுகளை அனுப்புகிறது. அதிர்வு கூடக் கூடச் சமிக்ஞை விரைவில் நலிந்துபோகும். தொலைபேசி நிலையத்திற்கு அருகில் 20 மெகாபிட் பெறும் இணைப்பு, ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் ஒன்றிரண்டு மெகாபிட்டாகச் சுருங்குவது இதனால்தான்.

கண்ணாடியின் கதை வேறு. 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ ஆய்வுகூடத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் காவோவும் ஜோர்ஜ் ஹொக்ஹாமும், ஒரு கிலோமீற்றர் கடந்த பின்னும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு எஞ்சுமாயின் கண்ணாடி இழை தொலைத்தொடர்புக்கு உதவும் என்று எழுதினர். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவன விஞ்ஞானிகள் அந்த இலக்கைத் தாண்டினர். இன்றைய இழையில் அதே நூற்றில் ஒரு பங்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் கடந்தும் எஞ்சுகிறது. காவோவுக்கு 2009இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதே 2009இல், அவுஸ்திரேலியாவின் கெவின் ரட் அரசு 43 பில்லியன் டொலர் மதிப்பீட்டில், பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கண்ணாடி இழையைக் கொண்டுசெல்லப்போவதாக அறிவித்தது. வேலை மந்தமாகவே நகர்ந்தது. 2013இல் ஆட்சிக்கு வந்த டொனி அபொட் அரசு, தெருமுனை வரை இழை, அங்கிருந்து வீடு வரை பழைய செப்புக் கம்பி என்ற கலப்பு முறைக்கு மாறியது. விரைவில் முடியும், செலவும் குறையும் என்பது அவர்களின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

நடந்தது என்ன? 29.5 பில்லியன் டொலரில் முடியும் என்று கூறப்பட்ட வேலை 50 பில்லியனைத் தாண்டியது. இருக்கும் கம்பியைப் பயன்படுத்துவதற்கென வகுத்த திட்டத்திற்கு 2015இல் 1,800 கிலோமீற்றர் நீளப் புதிய செப்புக் கம்பியை வாங்க நேர்ந்தது. 2020 செப்டெம்பரில், அதே கட்சிகளின் அரசே 4.5 பில்லியன் டொலர் மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்து, செப்புக் கம்பியில் விட்ட வீடுகளில் பலவற்றுக்கு இழையைக் கொண்டுசெல்ல முன்வந்தது. எஞ்சியவற்றுக்காக 2022இலும் 2025இலும் மேலும் நிதி ஒதுக்கப்பட்டது. ஒரே வீதிக்கு இரண்டு தடவை செலவு!

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பழுது வேறு, எல்லை வேறு. நேற்றுவரை கிடைத்த வேகம் இன்று கிடைக்கவில்லை என்றால் அது பழுது, திருத்தினால் தீரும். நேற்றைய வேகமே இன்றைய தேவைக்குப் போதாதென்றால் அது எல்லை. எத்தனை முறை திருத்தினாலும் தீராது.

எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. களிம்பைச் சுரண்டினால் பழைய நான்கு மெகாபிட் திரும்பும். ஆனால் அந்த நான்கிலும் பேரப்பிள்ளையின் முகம் திரையில் உறைந்துதான் நின்றது. பைபருக்குச் சம்மதித்தேன்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். செப்புக் கம்பி தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தையும் நிலையத்திலிருந்து கொண்டுவந்தது, கண்ணாடி கொண்டுவராது. 2022 மார்ச் இறுதியில் இலங்கை 13 மணி நேர மின்வெட்டைக் கண்டதை மறக்காதவர்கள், பைபருடன் ஒரு சிறிய மின்கலத்தையும் வாங்கி வைப்பது நல்லது. நான் வாங்கிவிட்டேன்.