பழைய பைக்கின் நம்பர் பிளேட்டில் நம்ம வரலாறு



"சேர், டவுனுக்குள்ள ஓட செகண்ட் ஹேண்ட் பைக் ஒன்று பார்க்கிறேன், என்ன பார்த்து வாங்கிறது?" என்று பழைய மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன். எஞ்சினுக்கு முதல் நம்பர் பிளேட்டைப் பாருங்கள் என்பேன்.

எண்களுக்கு நடுவே சிங்கள 'ஸ்ரீ' இருந்தால் மிகப் பழையது. கோடு மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது. ஆங்கில எழுத்து இருந்தால் 2000இலோ அதற்குப் பிறகோ பதிவானது.

அந்த 'ஸ்ரீ'யால் நம்ம பக்கத்தில் உயிர் போயிருக்கிறது. 1957 ஜனவரியில் பண்டாரநாயக்க அரசாங்கம் ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு அதைக் கொண்டுவந்தது. வடக்கு கிழக்கில் தமிழில் ஸ்ரீ எழுதி வாகனம் ஓட்டினார்கள். எதிர்ப்பு மலையகத்துக்கும் பரவியது. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். யோசித்துப் பாருங்கள், 1948 சட்டத்தால் குடியுரிமையே இல்லாமல் போன சனம். லயத்தில் அன்று யாரிடம் மோட்டார் வாகனம் இருந்தது?

அதே 1958இல்தான் ஜப்பானில் ஹொண்டா சுப்பர் கப் வெளிவந்தது. அந்த வழியில் வந்ததுதான் நமக்குத் தெரிந்த எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு வண்டி, அங்கே உழைத்து முடித்துவிட்டு இங்கே வந்து நம்ம ஏற்றங்களில் மரக்கறி மூட்டை சுமந்தது. (இன்னும் சுமக்கிறது!)

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். இடையில் பழைய பைக்குகளின் விலை ஏறியது உங்களுக்கே தெரியும். 2022இல் பெற்றோல் கியூ.ஆர். எடுக்க அடையாள அட்டை இலக்கத்தோடு சேசி இலக்கமும் கேட்டபோதுதான் பலர் வாகனப் புத்தகத்தையே திறந்து பார்த்தார்கள்.

பொடியன்மார் சறுக்குவதும் அங்கேதான். விலை குறைவு என்று 'ஓபன் பேப்பர்ஸ்'இல் வாங்கி, பெயர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முந்தைய சொந்தக்காரர் வெளிநாடு போனாலோ மௌத்தானாலோ அலைச்சல் உங்களுக்குத்தான். விபத்து நடந்தால் பொலிஸ் போவது அவர் வீட்டுக்கு. 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும்வரை காசு கொடுக்க வேண்டாம். சேசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கொழும்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்று மெல்லியது. கீழே நன்றாக இழுக்கும் கார்பரேட்டர் பைக் நானுஓயா ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு அங்கே ஓட்டிப் பாருங்கள்.