வானொலியில் நடந்த வகுப்புகள்

1937 செப்டம்பரில் இளம்பிள்ளை வாதம் பரவியமையால் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பள்ளிகள் திறக்கப்படவில்லை. 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பயின்ற 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் வானொலி வாயிலாகப் பாடம் புகட்டினர். நாளிதழ்கள் பாட அட்டவணையை வெளியிட்டன. பெற்றோரின் ஐயம் களையத் தொலைபேசியருகே ஆசிரியர்கள் அமர்ந்திருந்தனர்.

ஆயினும், பாடம் விளங்கியதா எனப் பிள்ளையின் முகம் பார்த்தறிய ஆசிரியருக்கு வழியில்லை. வானொலி இல்லாத வீட்டிற்கோ அக்குரலே எட்டவில்லை.

2020-இல் கொரோனா பெருந்தொற்றின்போது தமிழகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இவ்விரு தடைகளையே எதிர்கொண்டனர். கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியும் துணை நின்றபோதும், திறன்பேசி வாங்க இயலாத குடும்பங்களின் பிள்ளைகள் விடுபட்டனர். தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்து இழப்பை ஈடுசெய்ய, 'இல்லம் தேடிக் கல்வி'த் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் குடியிருப்புகளுக்கே சென்று கற்பிக்க வேண்டியதாயிற்று.