யூஸ்டு கார் வாங்கப் போறீங்களா? முதல்ல சீட் பெல்ட்டை இழுங்க!

2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரும் பாலிஷ் போட்டால் பளபளக்கும். ஆனால், வயரிங்கில் புகுந்த ஈரம் பல மாதம் கழித்துகூட வேலையைக் காட்டும். கண்டுபிடிப்பது எப்படி?

* சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்க. உள்ளே சேற்றுக் கறை இருந்தா உஷார். பழைய காரில் பெல்ட் மட்டும் புத்தம் புதுசா? அதுவும் சந்தேகம்தான்.

* டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியில் துரு, வண்டல் இருக்கானு பாருங்க.

* சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளையும் கவனிங்க.

* கண்ணாடிகளை ஏத்திட்டு 5 நிமிஷம் உள்ளே உட்காருங்க. பெர்ஃப்யூமை மீறி ஈர வாடை வருதா?

* பழைய இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரம் கேளுங்க.

இதில் இரண்டு இடிச்சாலே, எவ்வளவு விலை குறைச்சாலும் கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க!